பச்சைக் கொப்புக்கு ஒரு விண்ணப்பம்

தீயை அடிக்கப் பச்சைக் கொப்பு வேண்டும். இதை இசக்கிசெல்விக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேரளத்தில் கல்லாற்றுக்கு மேலே, பொன்முடிச் சாலையோரம் அவள் டீக்கடை போட்டு இருபது வருஷமாகிறது. மாசி பிறந்தால் மலையில் காய்ந்த புல் பற்றும். அங்கிருக்கும் பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு தழைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். அடித்தால் தீ அணையும். அரசாங்கத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லாதிருந்தது. அந்தக் குறையைப் போக்கவே இந்த வருஷம் காட்டுத்தீ தடுப்பு வாரம் கொண்டாடினார்கள்.

வாரத்தின் மூன்றாம் நாள் மத்தியானம் மேல்சரிவில் தீப் பிடித்தது. கடைக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் இசக்கிசெல்வியின் சினை ஆடு கிடந்தது. இன்றோ நாளையோ ஈனும். இழுத்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அது எழும்புவதாக இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டோரப் புங்கமரத்துக்கு ஓடினாள். அங்கே வனக் காவலர் பிரஜின் நின்றிருந்தார்.

"சேச்சி, பச்சை மரத்துல கை வைக்கக் கூடாது. கேஸாகும், கேட்டோ."

"தீ வருது சாரே."

"காணுது. அதுக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்ல."

"இந்த மரத்தையும் சேத்துல்லா எரிக்கப் போவுது. அது மேல கேஸ் இல்லியா?"

பிரஜின் நியாயமான மனிதர்; சற்று யோசித்தார். "தீ விண்ணப்பம் தரல. தந்திருந்தா தள்ளியிருப்போம். நீங்க தரலாம்."

ஆகவே விண்ணப்பம் தயாரிக்கப்பட்டது. இசக்கிசெல்வி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் பக்கத்து வீட்டுப் பத்மஜா மலையாளத்தில் எழுதினாள். கொப்பு எத்தனை, நீளம் எவ்வளவு, இலைகள் உத்தேசமாக எத்தனை. உபயோகித்த பின் கொப்பை நல்ல நிலையில் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழி. காரணம் என்ற கட்டத்தில் 'தீ' என்று எழுதினாள்.

"விளக்கமா எழுதணும்" என்றார் பிரஜின்.

பத்மஜா இருமிக்கொண்டே 'பெரிய தீ' என்று திருத்தினாள்.

ரேஞ்சர் லீலாபாய் ஜீப்பில் வந்து இறங்கினார். முறைப்படி மரத்தைப் பார்வையிட வேண்டும் என்றார். மரத்தின் தழையெல்லாம் அதற்குள் கருகிவிட்டிருந்தது.

"இதுல பச்சைக் கொப்பு எங்க?"

"இப்ப இல்ல மேடம்" என்றார் பிரஜின்.

"அப்போ இந்த விண்ணப்பம் நிக்காது. வேற மரம் காட்டி புதுசா தரட்டும்."

கொட்டிலில் ஆடு கத்தியது. இசக்கிசெல்வி சுற்றிலும் பார்த்தாள். சாலையோரம் தடுப்பு வாரப் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கூடாதென்று நல்ல கெட்டித் துணியில் செய்தது, இருபது அடி. அதில் சிரிக்கும் மான் ஒன்று, சிரிக்காத அதிகாரிகள் ஏழு பேர். அரிவாளால் கயிற்றை அறுத்தாள், ஓடையில் முக்கினாள். பத்மஜாவும் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு நுனி பிடித்தார்கள். அன்றுதான் அந்த ஏழு அதிகாரிகளும் முதல் தடவையாகத் தீயில் இறங்கினார்கள். அரை மணி நேரம் அடித்ததில், கொட்டிலுக்குப் பத்தடி தள்ளித் தீ அடங்கியது. சாயங்காலம் ஆடு இரண்டு குட்டி போட்டது.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக இசக்கிசெல்விக்கு நோட்டீஸ் வந்தது. அதற்கு அடுத்த வாரம், பேனர் தீயை அணைக்கும் என்பது நிரூபணமாகிவிட்டதாக அறிக்கை வந்தது. நோட்டீஸ் வாபஸானது. அவளைத் தீத்தடுப்புக் குழுத் தலைவியாக்கிக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும், ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தார்கள். ஸ்டாம்பை அவள் சீனி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் மாசியில் புதுப் பேனர் கட்டினார்கள். அன்று புகை பத்மஜா வீட்டுக்குப் பின்னால் எழும்பியது. பத்மஜா அரிவாளோடு பேனரை நோக்கி ஓடிவந்தாள். இசக்கிசெல்வி கடையை விட்டிறங்கிக் குறுக்கே நின்றாள்.

"நில்லுடீ. அதுல எம் படமும் இருக்கு. எழுதிக் குடுத்துட்டு எடு."

"அக்கா, தீ. பெரிய தீ."

"அதைத்தான் விளக்கமா எழுதுன்னு சொல்லுதேன்" என்று இசக்கிசெல்வி சீனி டப்பாவைத் திறந்தாள்.