றவூப் நானா கியர்ப் பெட்டியைத் திறந்தார்

"நாளைக்குக் கியர்ப் பெட்டியத் தொறக்கிறன்," என்றார் றவூப், ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே.

"தொறக்கிறது லேசு. மூடுறது யாரு?" என்றாள் மனைவி ரஹ்மத்தும்மா.

"ஸரூக் ஈக்கிறான்."

"அவன் தையல் மெசின் திருத்துற ஆளு!"

"தையல் மெசினிலயும் பல்லுச் சில்லு சுத்துதுதானே? அது சின்னப் பல்லு, இது பெரிய பல்லு. வேற என்ன வித்தியாசம்?"

றவூப் நானா எதற்காவது சந்தேகப்பட்டதைப் பதுளைக் கடைத்தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு ஏலத்துக்கு வந்த கிழட்டு லொறி அவருடையது. பின்பக்கம் மரக்கூடு அடித்து, ஒரு பக்கம் சீலை அடுக்க அலுமாரி, மறுபக்கம் படுக்கப் பலகை, மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு என்று அதை ஒரு வீடாகவே ஆக்கிவிட்டார். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போவார். அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, சீலை விற்றுத் திரும்புவார். குறை என்று சொன்னால் கியர்ப் பெட்டி ஒன்றுதான். மேடு ஏறும்போது அது போடுகிற ஓலம் அடுத்த மலைக்குக் கேட்கும்.

"சத்தம் ஈந்தா ஈந்துட்டுப் போகட்டும்," என்றாள் ரஹ்மத்தும்மா. "அந்த நமுனுகுலத் தோட்டம்தான் நம்மட அடுப்ப எரிய வெக்கிது. ஓடுற லொறியக் கழட்டிப்போட்டு அந்த யாபாரத்தயும் கெடுத்துக்காதீங்க."

"கெடக்கூடாது எண்டுதானே தொறக்கிறன்! பண்டாரவளை இத்ரூஸ் புது லொறி எடுத்திருக்கான். பூன நடக்கிற மாதிரிப் போகுது."

"பூன மாதிரிப் போய் என்னத்த வித்தாராம்? அந்தத் தோட்டத்துல ஒரு பொம்பளயும் எட்டிப் பாக்கல்லியாமே."

"அவன்ட சீலை அப்பிடி. தண்ணியக் கண்டா சாயம் ஓடும். என்ட சீலைக்கு எப்பிடி ஓடி வாறாங்க தெரியுமா? கொழுந்துக் கூடைய எறக்கி வெச்சிட்டு, காலை நீட்டி ஒக்காந்து, ஒரே சீலைய விரிச்சு விரிச்சுப் பாப்பாங்க. என்ன ரசனை! தோட்டத்துத் தொரைகூட எனக்கு எடஞ்சல் இல்லாம பங்களாவுக்குள்ள போயிருவார். அவ்வளவு மரியாத."

"அப்ப என்னத்துக்குத் தொறக்கிறீங்க?"

"இத்ரூஸுட லொறி நல்லம், சீலை மோசம். என்ட சீலை நல்லம், லொறி மோசம். என்ட லொறியும் நல்லமாயிட்டா அவன் கடையப் பூட்ட வேண்டியதுதான்!"

இதற்குமேல் அவரோடு பேசிப் பயனில்லை என்று ரஹ்மத்தும்மா ஆப்பச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸரூக் வந்தான். லொறிக்கு அடியில் படுத்தான். "ம்ம்" என்றான். எழுந்து வந்து, "முழுசாக் கழட்டத் தேவல்ல, நானா. மரத்தூளக் கிரீஸோட பெசஞ்சு உள்ள போட்டா அடங்கிரும்," என்றான்.

போட்டார்கள். அடுத்த ஊரான ஹாலிஎல வரை லொறி வாயைத் திறக்கவில்லை. "பாத்தியா?" என்று றவூப் திரும்பிக் கேட்டபோது பெட்டியிலிருந்து புகை வந்தது. மரத்தூள் கருகிக் கட்டியாகி, பழைய ஓலத்தோடு புதிதாக ஓர் இருமலும் சேர்ந்துகொண்டது.

"அப்ப வாழப்பழம்," என்றான் ஸரூக்.

"திங்கவா?"

"பெட்டிக்கு, நானா. நல்லாக் கனிஞ்சதா வேணும். வழுவழுப்புக்கு."

ஒரு சீப்பு முழுதும் உள்ளே போயிற்று. லொறி போன வழியெல்லாம் வட்டிலப்பம் வேகிற இனிப்பு வாசம். கடைத்தெருவில் ஆட்கள் வெளியே வந்து யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்தார்கள். ஈக்கள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன. இருமல் மட்டும் விக்கலாக மாறியிருந்தது.

"இனிக் கழட்டத்தான் வேணும்," என்றான் ஸரூக் கவலையே இல்லாமல்.

"அத நான் மொதல்லயே செல்லிட்டேனே," என்றார் றவூப், அவனைவிடக் கவலை இல்லாமல்.

முற்றத்தில் ரஹ்மத்தும்மாவின் புதுப் பன்பாயை விரித்துப் பெட்டியைப் பிரித்தார்கள். பல்லுச் சில்லுகளை அவளுடைய விருந்துத் தாலத்தில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினார்கள். தேய்ந்த இடத்துக்கெல்லாம் பழைய செருப்புத் தோலை வெட்டி அடைத்தார்கள். மூடி முடித்து நிமிர்ந்தால், பாயில் ஒரு சில்லு மிச்சம்.

"இது என்னடா தம்பி?"

ஸரூக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இங்கிலீசுக்காரன் எப்பவும் கூடுதலா ஒண்டு வெப்பான், நானா."

"அதானே! பெரிய மனசுக்காரனுகள்."

வாசலில் நின்ற ரஹ்மத்தும்மா, "யா அல்லாஹ்!" என்று மட்டும் சொன்னாள்.

லொறியைக் கிளப்பினார்கள். சத்தமே இல்லை! காகம் கரைவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுவதுகூடக் கேட்டது. சமதரையில் லொறி பட்டு மாதிரி ஓடியது. மேட்டுக்கு வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. மேடு ஏறுகிற கியரைப் போட்டால் லொறி நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் போகிற கியர் மட்டும் மேட்டிலும் வேலை செய்தது.

"திரும்பவும் கழட்டுவமா, நானா?" என்றான் ஸரூக்.

"என்னத்துக்கு? பின்னுக்குப் போகுதுதானே? லொறியத் திருப்பிட்டா மேட்டுக்குப் பின்னுக்கே ஏறலாம். சத்தமில்லாமப் போனாச் சரி. மூஞ்சி எந்தப் பக்கம் ஈந்தா என்ன?"

மறுநாள் றவூப் நானாவின் லொறி நமுனுகுல மலையில் பின்பக்கமாக ஏறிற்று. அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன், "என்னங்க நானா, போறீங்களா வாறீங்களா?" என்று கேட்டான். "ஜெயிக்கப் போறன்!" என்றார் றவூப். கழுத்து பிடித்துக்கொண்டதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வழக்கமாக நிறுத்துகிற வளைவில் லொறியை நிறுத்தி, கூட்டுக் கதவைத் திறந்து, சிவப்புச் சீலையை எல்லாவற்றுக்கும் மேலே தொங்கவிட்டார்.

ஒருவரும் வரவில்லை.

மலையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூட நிமிரவில்லை. "சீலை! புதுச் சீலை!" என்று கூவிப் பார்த்தார். கங்காணி அவரைப் பார்த்து அவசரமாகக் கையைக் காட்டினார். வா என்கிறாரா போ என்கிறாரா, விளங்கவில்லை.

அப்போதுதான் துரை தெரிந்தார். வழக்கத்துக்கு மாறாக மலை நடுவிலேயே, பிரம்பை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். நேரே லொறியிடம் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"நானா! சத்தம் போச்சா?"

"போச்சுங்க தொரை. சுத்தமாப் போச்சு."

"நல்ல காரியம்! ரொம்ப நல்ல காரியம்! இனி தெனம் வா!"

மகிழ்ச்சி தாங்காமல் துரை பைப்பைப் பற்ற வைத்தார். திரும்ப மலைக்கு ஏறி, முன்பு நின்ற அதே இடத்தில், இன்னும் உற்சாகமாக நின்றுகொண்டார்.

வெயில் உச்சிக்கு ஏறியது. சிவப்புச் சீலை காற்றில் ஆடி ஆடிக் களைத்தது. கூடை நிறுக்கும் நேரம் வந்தபோது, பெண்கள் வரிசையாகக் கொழுந்து மடுவத்துக்கு இறங்கினார்கள். கடைசியாக வந்தவள் நல்லம்மா. ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக ஓடி வருகிறவள் அவள்தான். சீலைகளை எல்லோரையும்விட அதிக நேரம் விரித்துப் பார்ப்பவளும் அவள்தான். இன்றைக்கு அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முறைத்துக்கொண்டே போனாள்.

"நல்லம்மா! என்ன தங்கச்சி, பாக்காமப் போறீங்க? இத்ரூஸ் ஏதும் செல்லிட்டுப் போனானா?"

"அவரு கெடக்காரு. வண்டிச் சத்தத்த என்ன நானா பண்ணுனீங்க?"

"நிப்பாட்டிட்டன்! எல்லாம் ஒங்களுக்காகத்தான். இந்தச் சிவப்பப் பாருங்க, சாயம் போகவே போகாது."

நல்லம்மா மேலே துரையை ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சீலை யாருக்கு நானா வேணும், போன தடவ வாங்குனதே மடிப்புக் கலையாமக் கெடக்கு, ஒங்க வண்டி கத்துனா தொரை காதப் பொத்திக்கிட்டு பங்களாவுக்குள்ள ஓடிருவாரு, அந்தச் சாக்குல கொஞ்சம் இடுப்ப நிமித்தத்தானே நாங்க அம்புட்டுப் பேரும் ஓடியாந்தோம்!"