கல்விழியனுக்குத் தங்கை எப்படிப் பிறந்தாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள். எங்கள் வீட்டில் நலமில்லை. காரணம் தங்கள் பத்திரிகை.

நாங்கள் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறோம். அப்பா தேய்ப்பார், அம்மா மடிப்பார், இருவருக்கும் எழுத்து தெரியாது, நான் பட்டம் வாங்கியவள் என்பதால் உங்கள் தொடர்கதையை வாராவாரம் உரக்கப் படிப்பது என் பொறுப்பு. அதில் வரும் இளவரசன் கல்விழியன் பாசத்தோடு யாரைப் பார்த்தாலும் அவர் கல்லாகிவிடுவார் என்பது சாபம். பிறந்ததும் கண் திறந்து பெற்றவளைப் பார்த்தான், அவள் அங்கேயே சிலையானாள், அம்மா அழுத அழுகையில் மடித்த துணியெல்லாம் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. சென்ற வாரம் கண்கட்டு அவிழ்ந்து தங்கையைப் பார்த்துவிட்டான், அவளும் கல். நான் படித்து முடித்தேன். அம்மா அழவில்லை.

"பெத்தவதான் இவன் பொறந்த அன்னைக்கே கல்லாயிட்டாளே, அப்புறம் தங்கச்சி எங்கேருந்துடி வந்தா?"

அப்பா சும்மா இருந்திருக்கலாம். ராஜா இன்னொருத்தியைக் கட்டியிருப்பார் என்றார்.

"அப்ப நான் கல்லாப் போனா நீங்களும் கட்டிக்குவீங்களா?"

உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பா யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் வக்கீலின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப்பெட்டி முழு உருவமாகப் பதிந்துவிட்டது. பிறகு சுதாரித்து, அவள் சித்தப்பா மகளாக இருக்கும் என்று சமாளித்தார். எதற்குச் சித்தப்பாவை இழுக்கிறீர்கள் என்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. "வரப்போற சின்ன ராணியை மடிக்கச் சொல்லுடி" என்று அம்மா என்னிடம் சொல்வார். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் நிற்பேன். துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. அடுத்த இதழில் சின்ன ராணி தலைகாட்டினால் அம்மா மாமா வீட்டுக்குப் போய்விடுவாராம், பை கட்டி வாசலில் இருக்கிறது. ஆகவே அந்தப் பெண் பிறந்த விவரத்தைத் தாங்கள் உடனே தெளிவுபடுத்த வேண்டும்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இஸ்திரிக் கடைக்காரர் மகள்

பின்குறிப்பு: பக்க எண்ணைக் குறிப்பிடலாம் என்று இப்போதுதான் இதழைப் புரட்டினேன். அதில் 'தமக்கை' என்று இருக்கிறது. நான்தான் தங்கை என்று படித்திருக்கிறேன். அக்காள் முன்பே பிறந்தவள். ராஜா மேல் குற்றமில்லை. ஆனால் பட்டதாரியின் மானம் போகும். எனவே, 'தங்கை என்று அச்சானது எங்கள் பிழை, தமக்கை எனத் திருத்திக்கொள்ளவும்' என்று ஒரு வரி போட்டு உதவுங்கள். அப்படிப் போட்டிருப்பதாக நானே இட்டுக்கட்டிப் படித்துவிடலாம்தான். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். அம்மா அதை மட்டும் தப்பில்லாமல் படித்துவிடுவார்.