மைக்குக்குள் போன சோபா

"இந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலைவராகியே தீருவேன். இல்லையென்றால் ரேடியோவை மூட்டை கட்டிப் பரணில் போடுவேன்!"

இந்தச் சபதத்தைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன். என் வீட்டில் நான் உரக்கப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான்.

விஷயம் இதுதான். நான் ஒரு ஹாம் ரேடியோ பைத்தியம். ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பைத்தியங்கள் அவரவர் வீட்டிலிருந்தே ரேடியோவில் கூடுவோம். ஒருவர் பேசி "ஓவர்" என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். யார் பேசுவது என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுபவர்தான் தலைவர். அதற்குத் தெளிவான குரல் வேண்டும். எனக்கோ அங்கே பட்டப்பெயரே 'குடம்'. என் மேசை மைக்கில் பேசினால், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கேட்கிறதாம்.

அதில் ஒரு லாபமும் இருந்தது. "என் தம்பியைப் பத்தி ரேடியோவுல என்னமோ சொன்னீங்களாமே? உங்க கூட்டத்துப் பல் டாக்டர் வீட்டம்மா சொன்னாங்க" என்பாள் மனைவி. "சேச்சே! அவங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. என் மைக் லட்சணம் அப்படி" என்பேன். வழக்கு தள்ளுபடி.

ஆனால் பதவி ஆசை யாரை விட்டது? மைக்கைப் பிரித்தேன். உள்ளே குரலைப் பிடிக்கிற பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும், அதை மாற்றினேன். கண்டன்சர் என்ற குட்டிச் சாமானை மாற்றிப் பற்றவைத்தேன். கூடவே விரலையும் பற்றவைத்துக்கொண்டேன். குடம் குடமாகவே இருந்தது.

அந்தப் பல் டாக்டர்தான் நோயைக் கண்டுபிடித்தார். "மைக்குக்குள்ள காலியா இருக்கு சார். அதான் எதிரொலிக்குது. நல்ல ஸ்பாஞ்சா வெச்சு அடைச்சுடுங்க."

நல்ல ஸ்பாஞ்ச் என் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. மனைவியின் புது சோபாவில். அதில் செய்தித்தாளைக்கூட வைக்க விடமாட்டாள். அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து மெத்தையின் ஜிப்பைத் திறந்து, அடிப்பக்கமாக ஒரு கைப்பிடி வெட்டினேன். அளவு தப்பிவிட்டது. இன்னொரு கைப்பிடி. எல்லாவற்றையும் மைக்குக்குள் திணித்து, ஜிப்பை மூடிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவள் சோபாவில் உட்கார்ந்தாள். சற்றே இறங்கினாள்.

"என்னங்க, இந்தப் பக்கம் உள்ள போகுதே?"

"புது சோபான்னா அப்படித்தான்."

"நேத்து இல்லையே?"

"நீ கொஞ்சம் வெயிட் போட்டுட்ட போல."

கூரை பிய்த்துக்கொண்டு பறக்கும் என்று பார்த்தேன். அவளோ சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மரமண்டை!

"உங்க பழைய ரிசீவர் ஒண்ணு சும்மாதானே கெடக்கு? அதைச் சமையல்கட்டுல வெச்சுக் குடுங்க. நீங்க தலைவராகுறதை நான் காது குளிரக் கேக்கணும்."

உருகிவிட்டேன். என் கையாலேயே கொண்டுபோய் வைத்தேன்.

ஞாயிறு வந்தது. பேசினேன்.

"அட, நம்ம குடமா இது? மணி மாதிரி இருக்கே!" என்று அலறினார் பல் டாக்டர். மற்றவர்களும் அலறினார்கள். அங்கேயே, அப்போதே, என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

பல் டாக்டர் மறுபடி வந்தார். "ஒரே ஒரு சந்தேகம் தலைவரே. அந்த ஸ்பாஞ்சை எங்க வாங்குனீங்க? ஓவர்."

புகழ் போதையில் சமையல்கட்டு ரிசீவர் சுத்தமாக மறந்துவிட்டது.

"வாங்குறதாவது! வீட்டம்மாவோட புது சோபாவுலேருந்து வெட்டிட்டேன்ல? நீதான் வெயிட் போட்டுட்டன்னு சொல்லி நம்பவும் வெச்சுட்டேன். அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஓவர்!"

பல் டாக்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க தலைவரே. என்னைக் கேக்கச் சொன்னதே உங்க வீட்டம்மாதான். ஓவர்."

திரும்பினேன். வாசற்படியில் மனைவி, கையில் கரண்டி.

"அது வந்து... உனக்குச் சரியாக் கேட்டிருக்காது..."

"ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சுங்க. மணி மாதிரி! கொஞ்சம் எந்திரிங்க தலைவரே."

எழுந்தேன். என் நாற்காலியில் இருந்த தடி மெத்தையை உருவிக்கொண்டு போய், சோபாப் பள்ளத்தில் வைத்து, ஜம்மென்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாடும் வேளைக்கு வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். தலைவர் பதவி, மணிக்குரல், எல்லாம் கிடைத்துவிட்டது. மெத்தை மட்டும்தான் இல்லை. வெறும் மர நாற்காலியில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் நெளிந்தபடி கம்பீரமாகக் கூட்டம் நடத்துகிறேன்.

போன ஞாயிறு பல் டாக்டர் மனதாரப் பாராட்டினார்: "உங்க மைக் அபாரம் தலைவரே! நீங்க நெளியும்போது நாற்காலி கிறீச்சுங்குறதுகூட அவ்வளவு தெளிவாக் கேக்குது. ஓவர்."