லீவுப் பட்டியலில் கடைசிப் பெயர்

பாப்பாரப்பட்டி,
ஆடி 9.

மதிப்பிற்குரிய மச்சான் கிருஷ்ணப்பன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் சென்றாயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காளும் எருமையும் சுகம். ஓசூரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. போனில் பேசாமல் எழுதக் காரணம், போனை எடுத்தாலே உங்கள் அக்காள் பிடுங்கிக்கொள்கிறாள்.

விஷயம் என் மகள் கலைமதியைப் பற்றியது. காலேஜில் மாணவர் தலைவியாக இருந்து, பஸ் விடச் சொல்லி முந்நூறு பேரைக் கலெக்டர் ஆபீசுக்கு நடத்திக்கொண்டு போனவள். அப்போதே அடக்கியிருக்க வேண்டும். நானோ பேப்பரில் வந்த போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினேன். அந்தக் கதையை இன்டர்வியூவில் சொல்லித்தான் உங்கள் ஊர் கம்பெனியில் வேலை வாங்கினாள். சேர்ந்த இரண்டாம் மாதமே ஹாஸ்டல் சாம்பார் தண்ணியாக இருக்கிறதென்று மனு கொடுத்தாள். சரி, துரத்திவிடுவார்கள், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று கட்டிலுக்குப் புதுக்கயிறுகூடக் கட்டினேன். அவர்கள் என்னடாவென்றால் கூப்பிட்டு லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள்! இருபத்திரண்டு பெண்களுக்கு லீவுப் பட்டியல் போடுவது இப்போது இவள் பொறுப்பு. அதில் தன் பெயரைக் கடைசியில் எழுதுகிறாள். கேட்டால், "காலேஜ் டூர்லயும் எல்லாருக்கும் பரிமாறிட்டுத்தானப்பா நான் சாப்புடுவேன்" என்கிறாள். இவள் முறை வருவதற்குள் யாருக்காவது கல்யாணமோ காய்ச்சலோ வந்துவிடுகிறது. அஞ்சு மாசமாச்சு மச்சான், எம்புள்ள மூஞ்சியப் பார்த்து. சாயங்காலம் ஓசூர் பஸ் வரும் நேரத்துக்கு ஏதோ வேலை இருப்பதுபோல் ஸ்டாண்டில் போய் நிற்கிறேன். கண்டக்டர் மாது, "இன்னைக்கும் பாப்பா வரலீங்களா?" என்று கேட்கும்போது அழுகை வந்துவிடுகிறது.

ஆகையால் நீங்கள் தாய்மாமன் என்ற உரிமையில் நேரில் போய், "லீடர் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, மத்த புள்ளைங்க மாதிரி லீவு கேளு" என்று கண்டித்துச் சொல்ல வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு அவள் வூட்டுக்கு வந்தே ஆகணும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சென்றாயன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கலைமதியே கூப்பிட்டாள்; உங்கள் அக்காள் பால் கறக்கப் போயிருந்தாள். பதினெட்டுக்கு லீவு கிடைத்துவிட்டதாம். "ஆனா கம்பைநல்லூர் கோகிலவாணியோட அம்மாவுக்கு ஆபரேஷன்பா. என் லீவ அவளுக்குக் குடுத்துடட்டுங்களா?" என்றாள். குடுத்துடு கண்ணு என்று சொல்லிவிட்டேன். உங்கள் அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால் பிள்ளையை ஒன்றும் கண்டிக்க வேண்டாம். மாதுவிடம் இந்தக் கடிதத்தோடு கடலை உருண்டை கொடுத்தனுப்புகிறேன், கலைமதியிடம் சேர்த்துவிடுங்கள். தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள் மச்சான். இல்லாவிட்டால் இருபத்திரண்டு பேருக்கும் பரிமாறிவிடுவாள்.