பதினான்கு படிக்கு விளக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கு நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இங்கு நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய்யாகிவிடும் என்பதால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். அவள் கணுக்கால் சரியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை அழைத்து வருகிறேன் என்றீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் திங்கட்கிழமை வரை எப்படியாவது அவளை அங்கேயே நிறுத்தி வையுங்கள். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள். அதனால்தான் இதை உங்கள் பக்கம் வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாடிப்படி இருட்டில் விழுந்தாள் அல்லவா, "இந்தப் படிக்கு வெளிச்சம் வந்தாத்தான் நான் இந்த வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். கடையில் விற்கிற விளக்கை வாங்கி ஒட்டியிருக்கலாம். முப்பது வருஷம் டெலிபோன் ரிப்பேர் பார்த்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல். பதினான்கு படிக்கும் நானே வளையும் சர்க்யூட் செய்து எல்.இ.டி. பதிக்கிறேன் என்று இறங்கினேன். செம்பு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்மேல் சர்க்யூட் வரைந்த ஜெராக்ஸ் தாளை வைத்து இஸ்திரி போட்டால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது மச்சான், இஸ்திரிப் பெட்டியில். அப்புறம் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் வேறு பெட்டி வாங்கிக் கோடு பதித்து, மிச்சச் செம்பை அரித்தெடுக்கத் திராவகத்தில் போட்டேன். பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் ஊற்றணும்னு பாட்டிலிலேயே எழுதியிருந்ததாம். நான் கண்ணாடி போடலை. உங்க தங்கச்சியோட எவர்சில்வர் அடுக்குல ஊத்திட்டேன். அடுக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு, கழுவின தொட்டியெல்லாம் காவி, தேய்க்கத் தேய்க்க என் கையும் காவி.

இத்தனைக்கும் மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது பதினாலும் எரிந்தன! தனியாக நின்று கைதட்டினேன். படி விளிம்புல கச்சிதமா உட்காரட்டும்னு சட்டைக் காலர் மாதிரி அழுத்தி மடிச்சேன் பாருங்க, அங்கதான் கெட்டுது. வளைக்கலாமாம், மடிக்கக் கூடாதாம்! செம்புக் கோடு அறுந்து பதினொண்ணு அணைஞ்சுபோச்சு. மிச்சம் மூணும் ஆள் ஏறினா கண் சிமிட்டுது. பெட்டியை வாங்க வந்த தையல்காரர், "என்ன சார், மாடியில டிஸ்கோவா?"ன்னு கேட்டுட்டுப் போறார்.

அவள் வந்து திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டால்? பதினேழு நாளாக இந்த வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் எனக்குத் துணை. பயமாயிருக்கு மச்சான். கால் இன்னும் வீங்கினாப்பல இருக்குன்னு நீங்க சொன்னா நம்புவா. நான் சொன்னா எதையும் நம்ப மாட்டா.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு நீண்ட ஆயுளும் மூன்று நாளைக்குப் போதுமான பொய்யும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அவளே போன் செய்தாள். "அண்ணன் வீட்டுல படியே இல்லீங்க, நிம்மதியா இருக்கு. இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுமா?" என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "தாராளமா இரும்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். திங்கள் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம், இதைப் படித்த கையோடு அழைத்து வாருங்கள். விளக்கு எரியட்டும், எரியாமல் போகட்டும், பதினாலு படியும் நானே கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன்.