காலியாக இருந்த தேவைக் கட்டம்

“எனக்கு ஒரு தேவையும் இல்லீங்க. நீங்க காலையில சாப்பிட்டீங்களா?” என்றார் பஸ் டிரைவர்.

குமாஸ்தாவுக்கு எரிச்சலாக வந்தது. கையிலிருந்த படிவத்தில் ‘முதியவரின் தேவை’ என்ற கட்டம் காலியாக இருந்தது. முப்பத்தைந்து வருட சர்வீசில் அவர் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை.

இருவருமே ஓய்வு பெற்றவர்கள். மனைவி காலமாகி, வேலையும் முடிந்து, மூன்று மாதமாக வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு அவருடைய பழைய அலுவலகத்திலிருந்தே கடிதம் வந்திருந்தது. தனியாக வாழும் முதியவர்களுக்காக மாநில அரசு தொடங்கிய, துணைக்கு ஆள் சேர்க்கும் திட்டம். ஒரே வரியில் இரண்டு பெயர்கள்: அவருடையது, டிரைவருடையது. தினமும் பத்து மணிக்கு டிரைவர் வீட்டில் சந்திக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். பெயர்களுக்கு மேலே பொடி எழுத்தில் இருந்த தலைப்புகளையும் விதிமுறைகளையும் அவர் படிக்கவில்லை. அந்த ஆபீஸிலேயே தலைநரைத்தவர் அதையெல்லாம் படிப்பாரா என்ன.

நான் இல்லாமல் ஆபீஸ் ஓடவில்லை, மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள் என்று வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் பீற்றிக்கொண்டார். எதற்கும் எதிர்வாதம் செய்யும் மகள், “கண்டிப்பா போங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஒருவரை நன்றாகப் பார்த்துக்கொண்டால் அடுத்த மாதமும் கூப்பிடுவார்கள். சொதப்பினால் பழையபடி சுவர்தான்.

“வயசானவங்க இப்படித்தான் கூச்சப்படுவாங்க” என்று தன்னைவிட இரண்டே வயது மூத்தவரிடம் சொல்லிவிட்டு, குமாஸ்தா வீட்டை நோட்டம் விட்டார். குளியலறையில் பிடிமானக் கம்பி இல்லை. கட்டத்தில் ‘கம்பி’ என்று எழுதியதும் மனசு நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை டிரில் மெஷினோடு வந்தார். மூன்றாவது துளையில் சுவருக்குள் இருந்த குழாய் உடைந்து தண்ணீர் முகத்தில் அடித்தது. டிரைவர் பதறாமல் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி தூக்கம் வந்ததா என்று விசாரித்தார். பாவம், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறார் என்று குமாஸ்தா இரக்கப்பட்டார்.

புதன்கிழமை குழாயை அடைக்க வந்த பிளம்பர் தரைக்கல்லையும் சேர்த்துப் பெயர்த்தார். பெயர்த்த இடம் தடுக்கிவிடக் கூடாதே என்று குமாஸ்தா தடிமனான மிதியடி போட்டார். மிதியடி இடித்து, கதவு சாத்த மறுத்தது.

வியாழக்கிழமை கதவைக் கழற்றி அடியை அறுத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட மறுபக்கம். பிறகு மறுபடி முதல் பக்கம். கடைசியில் மாட்டிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே கதவே இல்லை.

“நாளைக்கு என்ன வேலை வெச்சிருக்கீங்க?” என்று ஆவலாகக் கேட்ட டிரைவர், ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். புகார்ப் பட்டியல்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்று குமாஸ்தா நடந்தே வீட்டுக்குப் போனார்; வெகுநாள் கழித்து ருசித்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மகள் வயதுப் பெண். குட்டைக் கதவையும் பெயர்ந்த தரையையும் மாறி மாறிப் பார்த்தார். குமாஸ்தா படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஒரு தேவையும் தீர்க்க முடியலம்மா. வீட்டையும் கெடுத்துட்டேன். என்னை எடுத்துட்டு இவருக்கு நல்ல ஆளா பார்த்து அனுப்புங்க.”

“ஐயோ, இவரை மாத்திடாதீங்கம்மா” என்று டிரைவர் குறுக்கே வந்தார்.

அதிகாரி குமாஸ்தாவின் கையிலிருந்த படிவத்தை மெல்ல உருவி, பேனாவோடு டிரைவரிடம் கொடுத்தார்.

“அப்பா மூணு மாசமா வாசப்படி தாண்டலைன்னு இவரு பொண்ணு எழுதிக் கொடுத்தாங்க சார், அஞ்சே நாள்ல உங்க வீட்டையே பேத்துப் போடுற அளவுக்கு ஆளைத் தேத்திட்டீங்களே.”