எபேசு கீறிய அம்பு

வெள்ளைக் கார்க்காரரே, ராஜகிரி அடிவாரத்திலிருந்து எபேசைத் துரத்தியது நீங்கள்தான்.

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ பேர் பிடித்தார்கள். அதைக் காப்பாற்ற நினைத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர்தான் எபேசு; கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்றார்.

பழைய பாடப்புத்தகத் தாள்களில்தான் துண்டுகளை மடித்துக் கொடுப்பார். கணக்கு, அறிவியல் எல்லாம் மிளகாய்ப்பொடியோடு போய்விடும். பண்டைய உலகின் ஏழு அதிசயங்கள் என்ற பாடத்தை மட்டும் கிழிக்க மாட்டார். அது அவர் மடியிலேயே இருக்கும். காய் வாங்குகிறவர் அதையும் கேட்டாக வேண்டும்.

"ரோட்ஸ்னு ஒரு தீவும்மா. மலையாட்டம் வெண்கல சிலை. பூகம்பத்துல முட்டி ஒடிஞ்சி வுழுந்துச்சி. பழைய வெண்கலத்துக்கு வித்துட்டானுங்க."

"அண்ணே, உப்பு கம்மியா இருக்குது."

"அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கம் இடிஞ்சி, அந்தக் கல்லுல கோட்டை கட்டிட்டானுங்க!"

"உப்புண்ணே!"

"தொங்கு தோட்டம் எங்க இருந்துச்சின்னே எவனுக்கும் தெரியல. உனக்கு உப்புதான் பெருசா?"

எபேசு நகரத்துக் கோயில் கதை வந்தால் கத்தியை ஓங்கிவிடுவார். தன் பெயர் உலகத்துக்குத் தெரியவேண்டும் என்று ஒருவன் அதைக் கொளுத்தினான். அவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு எபேசு என்று பெயர் வந்தது.

கோட்டைச் சுவரில் கிறுக்குபவர்களுக்கும் அவர் அதே தீர்ப்பைத்தான் வைத்திருந்தார். ஒருமுறை கிறுக்கியவன் பெயரும் அவர் மருமகன் பெயரும் ஒன்றாகிப் போயின. அன்றிலிருந்து மருமகனை ஊர்ப் பெயரால் வெறும் 'அவலூர்பேட்டை' என்றுதான் கூப்பிட்டார்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் சுவரில் கார்ச் சாவியால் உங்கள் பெயர், இன்னொரு பெயர், நடுவில் இதயம், அம்பு. தண்ணீர் பிடிக்கப் போன எபேசு பார்த்தார். வெளியே வந்து, காய் நறுக்கும் கத்தியால் உங்கள் கார்க் கதவில் அதே இதயம், அதே அம்பு கீறினார்.

கூட்டம் கூடியது. ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்: "இன்னா பெரியவரே, பேரு எழுதாம வுட்டுட்ட?"

"அந்தப் பேர நான் எழுத மாட்டேன்."

நீங்கள் குதித்தீர்கள். "புது வண்டிய்யா! ஒரு மாசம்கூட ஆவல!"

"செவுரு பழசு சார். அதுக்கு மேல ஆவுது," என்றார் எபேசு.

அவர் செய்தது தப்புதான். அதற்குத் தண்டனையும் வாங்கிவிட்டார். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினீர்கள். எழுதத் தாள் இல்லை. அவர் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி ஒரு தாளைக் கிழித்தீர்கள். அது எந்தப் பாடம் என்றுகூட நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதிலேயே எழுதிக் கொடுத்தார்.

இப்போது எபேசு அவலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் விற்கிறார். போய்ப் பார்த்தேன். கதை இல்லை. கேட்பதற்கு முன்பே உப்புப் போடுகிறார்.

இனிக் கிறுக்க மாட்டேன் என்று சுவருக்கு யார் எழுதிக் கொடுப்பது? இந்தப் பத்திரிகையிலேயே பதில் சொல்லுங்கள். உங்கள் பெயரை நான் போடவில்லை, கீழே நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் அனுப்பிவையுங்கள்.

எனக்கு உப்பில்லாத வெள்ளரிக்காய் வேண்டும்.